‘ஹோட்டி’ என்றால் யார்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கொலை இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு சொல்தான் கிடைத்தது.

கண்டியில் ஒரு கல்யாணம். தங்க அறை தேடிப் போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்பிட்டியவில், மலைச்சரிவில் ஒரு வீடு. மூன்று அறைகளை வெளியாட்களுக்கு விடுகிறார்கள். அங்கே தங்கிப் போன வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில் விமர்சனம் போட்டிருந்தார். அறை சுத்தம், சாப்பாடு அபாரம், காட்சி அற்புதம், வீட்டுக்காரி ‘ஹோட்டி’.

மாலை போட்டு மாலை போட்டு, கடைசியில் ஒரு குத்து! யார் அந்த வீட்டுக்காரி? எனக்குத் தெரியாது. அறையை விட்டுவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் கற்பனை, றிஸானா என்று நான் வைத்த வீட்டுக்காரியின் பெயர் உட்பட.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘கதவு தடதடவென்று தட்டப்பட்டது. றிஸானாவின் இதயம் ஒரு கணம்...’

(வேண்டாம். அறை வாடகைக்கு விடுகிற வீட்டில் கதவு தட்டினால் யாருக்கு இதயம் நிற்கும்? சந்தோஷம்தான் வரும்.)

அடுத்தது: ‘அந்தச் சொல்லைப் பார்த்ததும் றிஸானா நேரே போய்க் கண்ணாடி முன் நின்றாள்.’

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

அந்தச் சொல்லைப் பார்த்ததும் றிஸானா நேரே போய்க் கண்ணாடி முன் நின்றாள். பிறகு தங்கை ஷஹ்மாவுக்குப் போன் போட்டாள். ஷஹ்மா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு த்ரீவீலரில் வந்து இறங்கினாள்.

“ராத்தா, ஹோட்டி எண்டா பெருமைக்காரி. தான் ஒசத்தி, மத்தாக்கள் தாழ்த்தி எண்டு நெனச்சி, அத மொகத்துல காட்டுற ஆள்.”

“நெனச்சாப் போதுமா, காட்டவும் வேணுமா?”

“காட்டணும். நெனச்சிட்டு சும்மா ஈந்தா அது ஹோட்டி இல்ல. மத்த ஆளுக்குச் சுடணும்.”

“நான் யாரச் சுட்ட? விளங்குது, விளங்குது. அந்தப் பொம்புளட மாப்புள போகக்குள்ள கை நீட்டின. நான் நெஞ்சுல கை வெச்சித் தலைய ஆட்டின. அந்நிய ஆம்புளட கையப் புடிக்க ஏலுமா?”

“அதுதான் ராத்தா!” ஷஹ்மா துள்ளி எழுந்தாள். “இது எங்கட முறை, நீங்க பிழையா விளங்கிட்டீங்க எண்டு அழகா ஒரு பதில் போடுறன் பாருங்க. வாசிக்கிற ஆக்கள் அவக்குத்தான் ஏசுவாங்க.”

பதில் அழகாக இருந்தே ஆக வேண்டும். சுற்றுலாக்காரர்களை அனுப்புகிற ஏஜன்ட் நஸீப் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: ‘ஒங்கட பதிலப் பாத்துட்டுத்தான் பெரஹராவுக்கு ஆள் அனுப்புறதா இல்லையா எண்டு செல்லுவன்.’ ஓகஸ்டில் வரும் பெரஹரா ஊர்வலத்தை நம்பித்தான் அந்த வீடு வருடம் முழுக்க மூச்சு விடுகிறது. ஓகஸ்ட் போனால் அறைகளைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

ஷஹ்மா எழுத ஆரம்பித்தாள். றிஸானா தேநீரைக் குடித்து முடித்து, திரும்பிப் பார்க்காமலே வெறும் கோப்பையை நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

3

நில்லுங்கள்.

(கதை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரிக்கு நம் பழக்கம் புரியவில்லை, நம்மவள் கண்ணியமாகப் பதில் போடுகிறாள், கைதட்டல், முற்றும். அப்படியே பத்திரிகைக்கு அனுப்பியும் இருப்பேன்.)

அந்தக் கடைசி வரி குறுக்கே விழுந்துவிட்டது. யாரோ என்று எழுதியிருக்கிறேனே, யார் அது? றிஸானா திரும்பிப் பார்க்கவில்லை, சரி. நான் ஏன் பார்க்கவில்லை? ஷஹ்மா கொடுத்த விளக்கத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தால் அதுவும் பொருந்தித் தொலைக்கிறது.

வரியை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை, அங்கேயே கிடக்கட்டும்.

அவர் பெயர் அன்னலட்சுமி. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். அந்த விமர்சனத்தில் ‘சாப்பாடு அபாரம்’ என்று இருக்கிறதே, அது முழுக்க அவர் கைவேலை. இப்போது சமையலறையில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கிறார்.

4

“அன்னம் அக்கா, கொஞ்சம் வாங்களேன்,” என்று கூப்பிட்டாள் ஷஹ்மா. பதில் நன்றாக வந்துகொண்டிருந்த உற்சாகம். “நீங்க செல்லுங்க, எங்கட ராத்தா பெருமைக்காரியா?”

“என்னாங்க மிஸ், கையில மாவோட நிக்கிறேன், வம்புக்கு இழுக்குறீங்க?” என்றபடி அன்னலட்சுமி வாசலில் வந்து நின்றார். ஷஹ்மா அந்தச் சொல்லையும் அதன் பொருளையும் சொன்னாள்.

“இம்புட்டையும் ஒத்த வார்த்தையில சொல்லிருச்சா அந்தம்மா? கெட்டிக்காரிதான். நாங்கன்னா லயத்துல ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து பேசணும்!”

ஷஹ்மா வெடித்துச் சிரித்தாள். றிஸானா சிரிக்கவில்லை.

“நான் ஒனக்கு என்ன கொற வெச்ச? பெருநாளைக்குச் சாரி தரல்லியா? ஒன்ட மகன் ஆஸ்பத்திரியில ஈக்கக்குள்ள நான் வந்து பாக்கல்லியா?”

“வந்தீங்க நோனா. இல்லேன்னா சொன்னேன்?” அன்னலட்சுமி விரலில் ஒட்டிய மாவை உருட்டினார். “அந்தம்மா போற அன்னைக்கு நேரா என்கிட்ட வந்துச்சு. பேரு என்னன்னு கேட்டுச்சு. அந்தளவு இங்கிலீஸ் எனக்கும் வெளங்கும். வாயத் தொறந்தேன். நீங்க முந்திக்கிட்டு, ‘கிச்சன் கேர்ள்’னீங்க.”

ஷஹ்மாவின் விரல் போனில் அப்படியே நின்றது.

“அம்பத்திரெண்டு வயசாகுது நோனா எனக்கு. கேர்ளாம்! வீட்டுல சொன்னேன், எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சுங்க.” அவரும் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. “அந்தம்மா சிரிக்கல.”

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: ஆத்திரத்தில் றிஸானா அன்னலட்சுமியை வேலையை விட்டு நிறுத்துகிறாள். தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் அறுத்து உங்களை ஒரு வாரம் தவிக்கவிடுவேன்.

இன்னொன்று: றிஸானா கண்ணீர் மல்க ஓடிப் போய் அன்னலட்சுமியின் இரு கைகளையும்... (ம்ஹூம். கையெல்லாம் மாவு.)

மூன்றாவதுதான் பயங்கரமானது. கை கொடுக்காத கதையே பதிலாகப் போகிறது. நஸீபுக்குப் பிடிக்கும். பெரஹராவுக்கு வீடு நிறையும். பொய் என்றும் யாரும் சொல்ல முடியாது, கை கொடுக்கவில்லைதானே?

ஷஹ்மா போனை நீட்டினாள். முறை, மரியாதை எல்லாம் சேர்த்து மணியான பதில். ஓகஸ்ட் மாதம் முழுக்க அதற்குள் பத்திரமாக இருந்தது.

“அனுப்பவா ராத்தா?”

றிஸானா வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள்.

“அழி.”

“நஸீப்?”

“நஸீபுக்கு நான் செல்லிக்கிறன். அழிச்சிட்டு எழுது. நீங்க போட்ட சொல் சரி.”

“ராத்தா, ஒலகமே வாசிக்கும்!”

“வாசிக்கட்டும், எழுது. நீங்க அண்டைக்குப் பேர் கேட்டீங்க. நான் குறுக்க விழுந்திட்டன். அவங்கட பேர் அன்னலட்சுமி.”

ஷஹ்மா எழுதினாள். றிஸானா எழுந்து சமையலறை வாசல் வரை போனாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் வராத ஒரு சொல்லை வரவழைக்க வேண்டியிருந்தது.

“அன்னலட்சுமி, இங்க வாங்க. அந்தப் பொம்புளக்கி நீங்களும் ஏதும் செல்லணுமா? ஷஹ்மா இங்கிலீஷ்ல போடுவா.”

உள்ளே கரண்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

“இருங்க நோனா, ரொட்டி தீயுது. எடுத்து வச்சிட்டு வாறேன். சொல்ல நெறைய இருக்கு!”

6

நஸீப் ஆள் அனுப்பினாரா, பெரஹராவுக்கு அறைகள் நிறைந்தனவா என்று கேட்பீர்கள். பதில் இன்னும் போகவே இல்லையே! இரண்டு விஷயம் எழுதியாயிற்று, மூன்றாவதற்கு இடம் காலியாக இருக்கிறது. அங்கே போட எனக்கு நாலைந்து வாக்கியம் தோன்றுகிறது. எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. ஒன்றையும் போட மாட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஷஹ்மா போனும் கையுமாகக் காத்திருக்கிறாள். றிஸானா அன்னலட்சுமிக்காக ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, உட்காரத் தெரியாமல் பக்கத்தில் நிற்கிறாள். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார்.