ஹோம் என்றால் வீடு இல்லை

கம்ப்யூட்டருக்கு எதற்கு இத்தனை தடியான புத்தகம், திரையைப் பார்த்தாலே புரியாதா என்று எவனாவது கேட்டால் அவனை என்னிடம் அனுப்புங்கள். செவுளிலேயே ஒன்று விட்டு அனுப்புகிறேன்.

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் நானும் என் அக்கா காவேரியின் வீட்டுக்காரர் சின்னப்பையன் மாமாவும் ஒரே மிஷினில் இருந்தோம். அந்த வருஷம்தான் தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிற, கம்ப்யூட்டர் வைத்த பிரஸ் வந்து இறங்கியது. கூடவே செங்கல் கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம். சூப்பர்வைசர் வெங்கடேசன் அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். ஒருமுறை கேட்டேன். உனக்கெல்லாம் எதுக்கு, சொல்ற பட்டனை அமுக்கு, போதும் என்றான். சொல்லிக் கொடுத்தது மொத்தம் மூன்றே பட்டன், பாவி.

அன்றைக்கு சாயங்காலம் நாலு மணி, ஷிப்ட் முடிகிற நேரம். மாமா அச்சுக்குள் கையை விட்டு, சிக்கிய தகட்டை உருவிக்கொண்டிருந்தார். திரையில் அதுவரை பார்க்காத ஒரு வார்த்தை மின்னியது. ஹோம், பக்கத்தில் கேள்விக்குறி. எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அதுவும் ஒன்று.

"மாமா, மணியாச்சுன்னு மிஷினுக்கே தெரிஞ்சிபோச்சு. வூட்டுக்குப் போலாமான்னு கேக்குது."

அவர் சிரித்தார். "போலாம்னு சொல்லேன்டா."

அமுக்கினேன்.

மேல் அச்சு இறங்கியது. கரும்பு மிஷினில் வருகிற மாதிரி ஒரு சத்தம். மாமா கத்தவில்லை, வாயை மட்டும் திறந்தார். அவர் ரத்தம் என் மூஞ்சியில், பல்லில், எல்லா இடத்திலும். அச்சு மேலே போனபோது மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆபரேட்டர் விளையாட்டாக அமுக்கிவிட்டான் என்று வெங்கடேசன் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதினான். ஆஸ்பத்திரியில் அக்காவிடமும் அதையே போய்ச் சொன்னான். அவள் என்னை வார்டுக்குள்ளேயே விடவில்லை. கம்பெனி என்னைத் துரத்தினால் துரத்தட்டும், என் கூடப் பிறந்தவள் என்னைக் கொலைகாரன் மாதிரி பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என்மேல் தப்பில்லை என்று அவளுக்குக் காட்ட அந்தப் புத்தகம் வேண்டும்.

மறுநாள் காலையில் ஸ்பேனரால் பீரோ கண்ணாடியை உடைத்தேன். சட்டையைப் பிடித்த வெங்கடேசனை அந்தப் புத்தகத்தாலேயே அறைந்தேன். மூக்கு உடைந்தது. கீழே தள்ளி, நெஞ்சில் முட்டி போட்டு, ஹோம் எங்கே இருக்கிறது, படிடா என்றேன். ரத்தக் கையால் பக்கங்களைப் புரட்டினான். பிறகு அழ ஆரம்பித்தான்.

"எனக்கும் இங்கிலீஷ் படிக்க வராது தசரதா. வெளில தெரிஞ்சா மானம் பூடும்னுதான் பூட்டி வெச்சேன்."

அதற்காகத்தான் இன்னும் ரெண்டு மிதி மிதித்தேன். ஒருத்தரும் தடுக்க வரவில்லை.

புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலில் நர்ஸ் லூர்தம்மாளின் காலில் விழாத குறை. அந்தம்மா என்னை உள்ளே கூட்டிப்போய், தேடிப் பிடித்து, அக்கா காதுபடத் தமிழில் சொன்னார். ஹோம் என்றால் வீடு இல்லையாம். அச்சு ஒருமுறை முழுக்கக் கீழே இறங்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவதாம். யார் கையாவது உள்ளே இருந்தால் அமுக்கவே கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

பார்த்தாயா அக்கா, எனக்கு எவனும் சொல்லவில்லை என்றேன். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. "அவரு கை உள்ள இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

போலாம்னு சொன்னதே அவர்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. கட்டிலில் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்க்கா."

அக்கா நர்ஸ் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி என் மூஞ்சியில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் ஓங்கினாள். நான் கையைத் தூக்கவில்லை.