கல்லுக்கு அடியில் வெள்ளி லாமா

லிக்கன்காபூர் எரிமலையின் உச்சியில், ஒரு கல்லுக்கு அடியில் லாமா என்ற மலை விலங்கின் சின்ன வெள்ளி உருவம் ஒன்று இருந்தது. முன்னோர் மலைக்குக் கொடுத்த காணிக்கை. அந்த இடம் எவுலோகியாவுக்கும் அவள் அண்ணன் கிறிஸ்பினுக்கும் மட்டுந்தான் தெரியும். ஆகஸ்டு பிறந்தால் இருவரும் ஏறிப்போய்க் கோக்கா இலை வைத்து வருவார்கள்.

இந்த முறை பாதி வழியிலேயே கிறிஸ்பின் உட்கார்ந்துவிட்டான்.

"முட்டி வலிக்குது. இங்கயே வச்சுட்டு இறங்கிடலாம்."

"வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறுறியே, அப்ப வலிக்கலயா? நட அண்ணே" என்று சிரித்தாள்.

உச்சியில் அவள் கல்லைப் புரட்டினாள். லாமாவைக் காணோம். குழியில் காய்ந்த கோக்கா இலைகள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருந்தன. தவறு செய்தவர்கள் மலையிடம் மன்னிப்புக் கேட்கும் முறை அது.

"யாருக்குக் குடுத்தே?"

"மலையேற வந்த ஒருத்தர் ரொம்ப ஆசைப்பட்டார்." கிறிஸ்பின் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கே மலைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் தங்கச்சி."

"ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுல சாப்பிட்டியே. என்கிட்டச் சொல்ல வாய் வரலயா?"

அவள் தன் இலைகளை வைத்துக் கல்லை மூடினாள். சரிவில் அவன் நீட்டிய கையைத் தொடாமல் தனியாக இறங்கினாள். ஊருக்குள் நுழைந்ததும் நேரே ஊர்த்தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.