சுடலைக்கண்ணனுக்கு எந்தக் கட்டர்?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில், டைல் வெட்டும் கட்டரை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கிழவன் கத்தியதைப் பார்த்தேன். பெயர் தெரியாது. சுடலைக்கண்ணன் என்று வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதல் வரி இப்படி எழுதினேன்: "தாராவியின் சந்துகளில் காலை வெயில் தயங்கித் தயங்கி"

நிறுத்திவிட்டேன். எங்கள் சந்துக்குள் வெயில் வரவே வராது. இந்த மாதிரிப் பொய்யை முதல் வரியிலேயே விட்டால் அப்புறம் கை நிற்காது.

2

நேராகவே சொல்கிறேன். சுடலைக்கண்ணன் மனைவி பேராச்சி மோரியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, விக்ரோலியில் மகள் வீட்டில் கிடக்கிறாள்.

(மோரி என்பது ஒற்றை அறை வீட்டின் மூலையில் ஒரு சாண் தடுப்பு கட்டி, குளிக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளும் இடம். மாதுங்கா ஃபிளாட்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.)

சுவரில் ஒட்டவேண்டிய வழவழ டைலைத் தரையில் ஒட்டிவிட்டுப் போனவன் ஒரு மேஸ்திரி. இனி எந்த மேஸ்திரியும் வாசல் ஏறக்கூடாது, சொரசொரப்பு டைல் வாங்கி நானே ஒட்டுவேன் என்று கிழவன் நிற்கிறான். பேராச்சியும் போனில் சொல்லிவிட்டாள்: "அந்த மோரிய மாத்தாம நான் அந்த வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

3

கடைக்காரன் கணேசபாண்டியன், கிழவனுக்குச் சொந்த ஊர்க்காரன்தான்.

"கை கட்டர் போதும் அண்ணாச்சி. கரண்டு வேண்டாம், தூசி கெடையாது. ஒரு கோடு, ஒரு அமுக்கு, பொட்டுன்னு ஒடஞ்சிரும்."

"எல்லா டைலும் வெட்டுமாவே?"

"எல்லாம் வெட்டும்."

சுடலைக்கண்ணன் பைக்குள்ளிருந்து தன் டைலையே எடுத்து மேஜைமேல் வைத்தான். "இத வெட்டிக் காட்டும்."

"நான் கடை வச்சிருக்கேனா, சர்க்கஸ் நடத்துறேனா?"

"வெட்டும்வே."

வரி வரியாக மேடு வைத்த தடித்த டைல். கட்டரின் சின்னச் சக்கரம் மேட்டில் ஏறி ஏறிக் குதித்தது. அமுக்கியபோது கோடு ஒரு பக்கம், உடைப்பு ஒரு பக்கம்.

"ஒங்க டைல் சரியில்ல அண்ணாச்சி."

"வழுக்கக் கூடாதுன்னுதாம்வே மேடு வச்சிருக்கான். ஒம்ம நாக்குலயும் கொஞ்சம் வச்சிருக்கலாம்."

(இங்கே முடித்திருந்தால் நாலு பேர் கை தட்டியிருப்பார்கள்.)

கணேசபாண்டியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷின் கட்டரை எடுத்துப் போட்டான். "இது தடி டைலயும் வெட்டும். தண்ணி போற ஓட்டையச் சுத்தி வளைச்சும் வெட்டும். ஆனா தண்ணி ஊத்தாம வெட்டிராதீங்க. சின்ன ரூமு, தூசி நெஞ்ச அடைச்சிரும். நீங்க வெட்டணும், இன்னொரு ஆளு நின்னு தண்ணி ஊத்தணும். வீட்ல ஆளு இருக்குல்லா?"

அதற்குத்தான் கிழவன் கத்தினான். "என் வீட்டுல ஆளு இருந்தா ஒமக்கென்ன, இல்லாட்டி ஒமக்கென்னவே?"

4

அந்தக் கத்தல் கடைக்காரனுக்கானது என்றுதான் முதலில் எழுதினேன். பொருந்தவில்லை. அடித்துவிட்டு இதை எழுதினேன்:

பேராச்சி விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவள் அடுத்த வீட்டு ரஷீதா. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவளும் அவளே. மாஹிம் போயிருந்த சுடலைக்கண்ணன் விழுந்தடித்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "நான் இல்லாத நேரத்துல என் வீட்டுக்குள்ள எப்படிப் போன?"

"கதவு தொறந்துதான் கெடந்துச்சு மாமா. பீரோ பூட்டித்தான் கெடக்கு. போயிப் பாத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

(இவனை நல்லவனாக்க ஒரு வரி தொடங்கினேன்: "ஆனால் அவன் மனதுக்குள்ளே" சீ. உள்ளே என்ன இருந்தால் யாருக்கு என்ன? அவள் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான்.)

5

மெஷினை வாங்கிவிட்டான். பழைய டைலைப் பெயர்த்துவிட்டான். வாளியில் தண்ணீர் இருக்கிறது, சொம்பு இருக்கிறது. ஊற்ற ஆள் இல்லை. சந்தில் பாதிப் பேரோடு சண்டை, மீதிப் பேர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இருப்பவள் ரஷீதா ஒருத்தி.

முடிவு ஒன்று: கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றாமலே வெட்டுகிறான். பேராச்சி திரும்பி வரும்போது மோரி இருக்கும், இருமிக்கொண்டு ஒருவனும் இருப்பான்.

முடிவு இரண்டு: பழைய மேஸ்திரியையே கூப்பிட்டு

இதை எழுதவே எரிச்சலாக வருகிறது.

முடிவு மூன்று: கதவைத் தட்டுகிறான், ரஷீதா சிரித்துக்கொண்டே வருகிறாள். எதற்குச் சிரிக்க வேண்டும் அவள்? கதை எழுதுகிறவனுக்கு முடிவு வேண்டுமென்றால் அவள் சிரித்துத் தொலைக்க வேண்டுமா?

அவனை அவள் வாசல்வரை இழுத்துவந்து நிறுத்திவிட்டேன். உள்ளே குக்கர் கத்துகிறது. இனி அவன் வாயில் ஒரு நல்ல வார்த்தையை வைக்க வேண்டும். எனக்கு வராது, அவன்மேல் கோபம் ஆறவில்லை. பேராச்சி வீடு திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நீங்களே தட்ட வையுங்கள். ஆனால் கதவு திறந்ததும் அவள் ஒன்று கேட்பாள். அதற்குப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு தட்டுங்கள்:

"இப்ப மட்டும் நான் உள்ள வரலாமா மாமா?"