எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகை

மூழ்கடிக்கப்போகிற படகை, அந்த நாள் வரும்வரை மூழ்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் நத்துனாத் தீவின் தெற்குத் துறையில், எல்லை தாண்டி வந்து மீன் பிடித்ததற்காகப் பிடிபட்ட வியட்நாம் படகுகள் மூன்று நின்றன. வழக்கு முடியும்வரை அவை சாட்சிப் பொருள். துறையிலேயே மூழ்கினால் கேள்வி என்னிடம்தான் வரும். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பம்பு போட்டு நீரை இறைத்து, எத்தனை விரற்கடை இருந்தது என்று நோட்டில் எழுதுவேன்.

"இவருக்கு ரெண்டு வீடு. ஒண்ணுல நான் இருக்கேன், இன்னொண்ணுல தண்ணி இருக்கு" என்று என் மனைவி ரொஹாயு அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் படகுகள்மேல் எனக்கு இரக்கம் எதுவும் இல்லை. இப்படி இரண்டு படகுகள் சேர்ந்து இழுத்துப்போன வலையில்தான் என் வலையும் போனது. அதற்குப் பிறகுதான் நான் கடலை விட்டு இந்த வேலைக்கு வந்தேன்.

மூன்றில் நடுவில் நின்ற நீலப் படகு கோய் என்பவருடையது. அவரே முதலாளி, அவரே கேப்டன். ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை மட்டும் மேட்டிலிருந்த தடுப்புக் கொட்டடியில் வைத்திருந்தார்கள். பத்து மாதத்தில் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தார். முதல் தீர்ப்பில் படகை ஏலம் விடச் சொல்லியிருந்தது. எங்கள் தீவுக்காரர் யாராவது ஏலத்தில் எடுத்தால் அவரிடம் சம்பளத்துக்கு ஓட்டலாம், இல்லையென்றால் ஊரிலிருக்கும் தன் மச்சான் எப்படியாவது வாங்குவான் என்று கோய் கணக்குப் போட்டிருந்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்திருந்தது.

ஜூலை ஒன்பதாம் தேதி மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. தபாலைப் பிரித்து மேலதிகாரி ஹெர்லம்பாங்கின் மேசையில் வைப்பவன் நான்தான். நீலப் படகை அழிக்க வேண்டும் என்றிருந்தது. ஆகஸ்ட் இருபதுக்கு நாள் குறித்தார்கள். கோய்க்கு முறைப்படி ஆள் வந்து சொல்வார்கள், நீ வாயைத் திறக்காதே என்றார் ஹெர்லம்பாங்.

பதினொன்றாம் தேதி காலையில் நீலப் படகில் முழங்கால்வரை தண்ணீர். இரண்டு பம்பு போட்டும் இறங்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் படகைத் தெரிந்தவர் ஒருவர்தான். மீனும் சவ்வரிசியும் பிசைந்து பொரித்த கெர்னாஸ் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

கோய் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஏலம் விடுவாங்களா, வான் அண்ணே?"

"படகு மிதந்தாத்தானே ஏலம்" என்றேன்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

காவலரோடு இறங்கி வந்தார். எஞ்சினுக்கு அடியில் படுத்து, இரண்டு பலகைகள் சேரும் இடத்தைத் தடவிக் காட்டினார். எப்போதோ பாறையில் உரசிய இடமாம். இரண்டு நாள் வேலை. பஞ்சும் குங்கிலியமும் திணித்தார். பஞ்சு போதாமல் சட்டையின் ஒரு கையைக் கிழித்துத் திணித்தார். மேலே பலகை வைத்து ஆணி அடித்தார். திரும்பும்போது காவலர் சிரித்தார்.

"கேப்டன் ஒரு கையைப் படகுக்கே குடுத்துட்டு வர்றாரு."

கோயும் சிரித்தார். அன்றிலிருந்து என் நோட்டில் அந்தப் படகுக்கு நேராக ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆள் வந்து அவரிடம் தீர்ப்பைச் சொன்னார்கள். நான் மேட்டுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் இருபது, காலை ஒன்பது மணி. படகை வெளியே இழுத்துப்போய் முன்னறையிலும் நடு அறையிலும் துளை போட்டார்கள். மணல் மூட்டைகளும் இருந்தன. முன்பக்கம் தளம்வரை இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. மீன் அறைச் சுவர்களில் ஐஸ் கரையாமலிருக்க அடைத்திருந்த நுரைப்பலகை ஒரு காரணம். எஞ்சின் அறை ஒரு சொட்டு நனையாமல் இருந்தது இன்னொன்று. பதினொன்றரை மணி ஆயிற்று. படம் எடுக்க வந்தவர்கள் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹெர்லம்பாங் என்னைக் கூப்பிட்டார்.

"வான், இத்தனை நாள் இதைக் காப்பாத்தினவன் நீ. எங்க தொட்டாப் போகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆணிகளை நெம்புவதற்குத்தான் நேரமாயிற்று. பலகை வந்ததும் பஞ்சு வந்தது, கடைசியில் அந்தச் சட்டைக்கை. பொத்தான்கூட இருந்தது. தண்ணீர் என் மணிக்கட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. மேலே இழுத்துவிட்டார்கள். இருபது நிமிடத்தில் படகு போய்விட்டது.

கொட்டடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கடல் தெரியும். மாலையில் நானாகவே போனேன். கோய் எழுந்து நிற்கவில்லை.

"மூணு மணி நேரம் நின்னுச்சு. தானாப் போயிருக்காது. பலகையை யாரு கழட்டினது, அண்ணே?"

"நான்தான்."

"அன்னிக்கு என்னைக் கூப்பிட வந்தப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

செப்டம்பரில் மூன்றாவது படகிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதன் கேப்டனும் மேட்டில்தான் இருக்கிறார். நான் யாரையும் கேட்கப் போகவில்லை. இப்போது இரவும் பகலும் இறைக்கிறேன்.