டேப்பின் மறுமுனை

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. குழிக்குள் இறங்கும் இரும்பு ஏணியில் இரண்டு படி இறங்குவதற்குள் சர்வேயருக்கு மூச்சு வாங்கியது. ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். குவாரி உரிமத்தைப் புதுப்பிக்க, ஆழத்தை அவர்தான் அளந்து எழுத வேண்டும். இருபது மீட்டரைத் தாண்டினால் உரிமம் கிடையாது.

மேலே நின்ற மேஸ்திரி கத்தினான். "எதுக்கு சார் இந்த வேல? போன தடவ மாதிரி பதினெட்டுன்னு போட்டுட்டு வாங்க. டீ ஆறுது."

"டேப்போட நுனியப் பிடிப்பா."

"கை சுளுக்கு சார்."

சுற்றி நின்ற நாலு பேருக்கும் அந்த நேரம் பார்த்துக் கை சுளுக்கிக்கொண்டது. குழி திறந்தால்தான் அவர்களுக்குக் கூலி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பக்கத்தில் ஜல்லி சலித்துக்கொண்டிருந்தவள் சல்லடையை வைத்துவிட்டு வந்தாள். போன வருடம் இதே குழியில் சுவர் சரிந்து செத்தவனின் மனைவி. டேப்பின் நுனியை விளிம்பில் அழுத்திப் பிடித்தாள்.

"இறங்குங்க சார்."

அடியில் டேப் இருபத்தேழைக் காட்டியது. மேலே ஏறி வந்ததும் அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"எவ்வளவு சார்?"

"இருபத்தேழு."

"அவரு செத்ததுக்கப்புறம் இதுல ஒரு கல்லு எடுக்கல. அப்ப போன வருஷம் பதினெட்டு எப்படி வந்துச்சு?"

அவர் டேப்பைச் சுருட்டினார். போன வருடம் விளிம்பிலேயே நின்று, மேஸ்திரி சொன்ன கணக்குக்குக் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து இருபதாம் நாள் சுவர் விழுந்தது. ஆழம் சரி, ஆள்தான் குடித்துவிட்டு நின்றான் என்று கேஸை மூடினார்கள்.

"அவரு பீடிகூடத் தொட்டதில்ல சார். குடிகாரன் மகள்னு எம்பொண்ணப் பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்க. போன வருஷம் நீங்க குழிக்குள்ள எறங்கலன்னு எழுதிக் குடுங்க. அது போதும்."

"பாக்கலாம்மா," என்றார்.

சாயங்காலம் அலுவலகத்தில் அறிக்கை எழுதினார். ஆழம் இருபத்தேழு. பேனா அங்கேயே நின்றது. வேலை போனால் பென்ஷனும் போகும். அடுத்த வரியில், போன ஆய்வுக்குப் பிறகு திருட்டுத்தனமாகத் தோண்டியிருக்கிறார்கள் என்று சேர்த்தார். உரிமம் நின்றுவிடும். போன வருடத்துப் பதினெட்டும் அப்படியே நிற்கும், அவருக்கும் ஒன்றும் ஆகாது.

அறைக்கு வந்து தனக்கு மட்டும் சோறு வடித்தார். மனைவி போய் மூன்று வருடம். மகன் போன் செய்தே ஒரு மாதம். இன்றைக்கு முழுக்க அவருக்காகக் கை நீட்டியவள் அவள் ஒருத்திதான். போன வருடம் குழிக்குள் இறங்காமலே கையெழுத்துப் போட்டேன் என்ற ஒரு வரியை அவர் அவளுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அவர் பட்ட கடன்.