ஆயிரத்தோடு நிறுத்திய எண்

திங்கட்கிழமை பெஞ்சில் பூட்டிய மூன்றாவது தண்ணீர் மீட்டரின் எண் 10,22,117. மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. தண்ணீரைத் திறந்துவிட்டால் இருபது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான் மீட்டர் எண்ணை வகுத்துப் பார்ப்பேன். மூன்றால் போகாது, இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதற்கும் மசியவில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கும், ஒன்றரை வயது மூத்த அண்ணனுக்கும் மட்டும். பிறந்தநாளுக்கு ஒருவருக்கொருவர் ஒரு பெரிய பகா எண் தருவோம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். வாங்கியவர் கையாலேயே வகுத்துப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். கால்குலேட்டரைத் தொட்டால் துரோகம்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணி இறந்தபோது நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றேன். பொய். அழுகிற அண்ணனைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். அவன் ஏன் என்று கேட்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டான். அவன் அந்த ஊரில் தனியாக, நான் இந்த ஊரில் தனியாக. ஞாயிறு முழுக்க யாரிடமும் வாய் திறக்காமல் கிடந்துவிட்டு, திங்கள் காலையில் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

அவன் பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. நான்கு நாள் நோட்டும் கையுமாக இருந்தேன். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். அத்தனையாலும் வகுத்தேன், எல்லாவற்றிலும் மீதி வந்தது. "10,22,117. பகா எண்" என்று அனுப்பினேன். மன்னித்துவிடு என்று மூன்று முறை அடித்து, மூன்று முறையும் அழித்தேன்.

பத்து நாள் பதில் இல்லை. படித்துவிட்டான் என்று மட்டும் போன் காட்டியது. என்னைத் தலைமுழுகிவிட்டான் என்றே முடிவு செய்தேன்.

பதினோராம் நாள் மதியம் கூப்பிட்டான்.

"எது வரைக்கும் வகுத்த?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு."

"அப்புறம்?"

"ஆயிரம் வந்தாச்சு, போதும்னு..."

"வர்க்கமூலம் ஆயிரத்துப் பத்தைத் தாண்டுது, கழுதை. அதுவரைக்கும் பாக்க வேணாமா? ஒண்ணே ஒண்ணு பாக்கி வெச்சிருக்க. ஆயிரத்து ஒன்பது. ஆயிரத்துப் பதிமூணால பெருக்கிப் பாரு, உன் நம்பர் வரும்."

எனக்குக் காது சுட்டது. இத்தனையும் செய்துவிட்டுக் கடைசி ஒன்றில் கோட்டை விட்டிருக்கிறேன்.

"எல்லாத்தையும் கையாலயா வகுத்த?" என்று கேட்டேன்.

"வேற என்ன வேலை எனக்கு? வீட்டுல யாரு இருக்கா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, அன்னைக்கு லீவு கெடைச்சிருக்கும். நான் கேக்கவே இல்ல."

இப்போது வைத்துவிடுவான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் தரையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தான்.