சுவருக்குள் இரும்பு

மின்சாரம் போனதும் தையல்காரி முதலில் மின்சாரக்காரர்களைத் திட்டினாள். அப்புறம் வெயிலை. கடைசியில், காதில் விழாத குரலில், கட்டிலில் கிடந்த தம்பியை. அவன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பாசம். அதனால் அவனுக்கு விழும் திட்டும் எப்போதும் ஒரு பிடி கூடுதல்தான்.

தம்பி வெல்டர். பட்டறையில் ஒரு பழைய டிரம்மை வெட்டும்போது உள்ளே மிச்சமிருந்த ஏதோ குபீரென்று பற்றி, முதுகு, மார்பு, கைகள் என்று ஒன்றையும் விடவில்லை. கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கைகள் மட்டும் தப்பின. தொடைத் தோலை எடுத்து ஒட்டிப் பிழைக்க வைத்தார்கள். ஒட்டிய தோல் வியர்க்காது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். "உடம்புச் சூடு வெளிய போக வழியே இல்லம்மா. ரூம் குளுகுளுன்னு இருக்கணும். சூடு ஏறிடுச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

அதனால் அவளுடைய தையல் அறை அவன் அறையாயிற்று. வீட்டில் மற்ற இடமெல்லாம் வெறும் தகரம். பகலில் அடுப்புக்குள் குடித்தனம் நடத்துவது போலத்தான். இந்த அறையை மட்டும், விபத்துக்கு முன்னால், அக்கா வெந்து சாகக் கூடாதென்று அவனே கட்டிக்கொடுத்தான். வெளியே தகர ஷீட், உள்ளே பலகை, நடுவில் சூட்டைத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இரும்புச் சட்டங்கள். இரும்புக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் நல்லது என்று பலகை அடிக்க வந்தவர் சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். "இவ்ளோ பஞ்சு இருக்கு. வெளிய தீயே புடிச்சாலும் உள்ள தெரியாதுக்கா!"

ஏசி ஓடிய வரைக்கும் அந்த வாய்ச்சவடாலுக்கு மரியாதை இருந்தது. இப்போது வெயில் மேற்கே சாய்ந்து அந்தச் சுவரை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் அவன் உடம்புச் சூடு முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டியிருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஊர் பூராவும் இதே கூப்பாடு, வர நேரமாகும் என்றார்கள். "துணிய நனைச்சுப் போட்டு விசிறிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க." மோட்டார் ஓடாததால் இருந்தது ஒரு வாளித் தண்ணீர். ஈரத்துணியை அவன்மேல் பரப்பி, ஜாக்கெட் அளவு வெட்டிய அட்டையால் விசிறினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. ஆனாலும் அவன் முகத்தின் சிவப்பு ஏறிக்கொண்டேதான் போயிற்று.

மூச்சு வாங்கச் சுவரில் கை ஊன்றினாள். சுட்டது. ஒரு சாண் தள்ளி வைத்தாள், சுடவில்லை. இன்னும் தள்ளினாள், மறுபடி சுட்டது. உள்ளங்கையால் சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள். கோடு போட்ட துணி மாதிரி, மேலிருந்து கீழாகச் சூடு, நடுவில் குளுமை, மறுபடி சூடு.

"டேய், உன் இரும்பு வழியாத்தான்டா வருது."

"சும்மா இருக்கா. பஞ்சு கீழ எறங்கியிருக்கும்." நாக்கு குழறிற்று.

அவன் கையை இழுத்துச் சுவரில் வைத்தாள். அவன் விரல்கள் சூட்டுக்கோட்டின் அகலத்தை அளந்தன. தன் கையால் நிறுத்திய சட்டத்தை அவனுக்கு அடையாளம் தெரியாதா?

"உள்ள நீ என்ன செஞ்சாலும் பத்தாதுக்கா. ஷீட்டு மேல வெயிலே படக்கூடாது," என்றான். கண்கள் மூலையில் குவிந்து கிடந்த பள்ளிக்கூட மேடைத் திரைக்குப் போயின. அவள் தைத்து வளையங்கூடப் பூட்டி முடித்திருந்தாள். "அத வெளிய மாட்டு. கூரை பைப்பு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுல. ஷீட்ல ஒட்டாம தள்ளித் தொங்கணும்."

"நான் வெளிய போனா உனக்கு யாருடா விசிறுவா?" கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. "ரேடியோ அக்காவக் கூப்பிடுறேன்."

எதிர்வீட்டுக்காரி வாயில் ஒரு சேதி விழுந்தால் அரை நொடியில் ஊரெல்லாம் ஒலிபரப்பாகிவிடும். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"வேணாம்." விபத்துக்கப்புறம் அக்காவையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் தவிர யாரும் அவன் உடம்பைப் பார்த்ததில்லை. யாராவது வாசலுக்கு வந்தால் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பான்.

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "உன்னப் பொணமாப் பார்க்க ஊரே வரும். அப்போ எப்படிடா போர்த்திப்ப?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "கூப்பிடு," என்றான்.

ரேடியோ ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஈரத்துணிக்கு அடியில் சுருங்கி இழுபட்டிருந்த தோலைக் கண்டதும் திறந்த வாய், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அட்டையை வாங்கி விசிற ஆரம்பித்தாள்.

தையல்காரி ஏணியைச் சாத்தித் திரையைத் தோளில் ஏற்றினாள். ஆள் கனம் கனத்தது. கூரை பைப்பைப் பிடித்தபோது கை பொரிந்தது. விட்டால் விழ வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு வளையம் வளையமாகக் கம்பி போட்டுக் கட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அட்டை படபடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"நிறுத்தாதீங்க!" என்று அலறினாள்.

"அட்ட கிழிஞ்சிடுச்சு, மாத்துனேன்! நீ கட்டுடி!"

படபடப்பு மறுபடி தொடங்கியது. கடைசி வளையத்தைக் கட்டி, திரையைக் கீழே இறக்கிவிட்டாள். ஷீட்டின்மேல் நிழல் விழுந்தது. ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே வந்தபோது தம்பியின் கை சுவரில் இருந்தது. சூட்டுக்கோட்டின் மேலேயே வைத்திருந்தான். அவளைப் பேச விடாமல் மற்றக் கையால் பொறு என்று காட்டினான். ரேடியோ விசிறினாள், அவள் துணியை நனைத்துப் போட்டாள், அவன் சுவரைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை.

"எறங்குது," என்றான். "வேகமா சுட்ட சனியன் வேகமாவே ஆறுது."

அவள் நம்பவில்லை. தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஆறு. மறுபடி துணியை நனைக்கப் போனவளின் கையை அவன் எட்டிப் பிடித்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அவள் வாயருகே கொண்டுபோய் ஊதப் போனாள்.

"ஊதாத. தண்ணியில வை. எனக்குத் தெரியும்."

அவளை வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க, தானே கட்டில் விளிம்புக்கு நகர்ந்தான். மேலிருந்த துணிகள் நழுவித் தரையில் விழுந்தன. வெற்று மார்பும் கைகளும் ரேடியோவுக்கு நேர் எதிரே இருந்தன. அவன் துணியைத் தேடவில்லை. அக்காவின் கையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ரப்பர் வெச்சிருக்கணும்க்கா," என்றான்.

அவள் இன்னொரு கையால் கீழே விழுந்த துணியை எடுத்து நனைத்து அவன் தோளில் பிழிந்தாள். ரேடியோ விசிறிக்கொண்டிருந்தாள்.